மூழ்கும் நேரம்

பத்து விநாடி.
அதற்குள் மூழ்கியாக வேண்டும்.
கண்ணாடித் தொட்டியில் துண்டைக் கிடத்தி
விரலை எடுத்ததும் கடிகாரத்தை அழுத்துவேன்.
முதலில் ஒன்றும் நடக்காது.
யோசிக்கிறாற்போல் மிதக்கும்.
பிறகு ஒரு மூலை கனத்து
மற்ற மூன்றையும் கூட்டிக்கொண்டு போகும்.

"எறங்கிருச்சா?"
கதவிடுக்கில் தனுஷ்கோடி அண்ணாச்சி.
அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் அது.
கப்பலூர்ப் பேட்டையில் பாதி ஷெட் பூட்டிக் கிடக்க
ஆய்வாளர் வருகிறார் என்று
எங்கள் ஷெட்டில் மட்டும் எட்டு மணிக்கே ஆள்.
"ஆறு விநாடி" என்றேன்.
வைகையில் ஆறு விநாடி நனைந்தாலே
புண்ணியம் என்று சிரித்துவிட்டுப் போனார்.

வயிற்றைத் திறந்தால் உள்ளே வைக்கும் துணி.
நாலு மடிப்பு வலை, ஓரத்தில் நாடா,
நூலோடு நூலாக நீலத்தில் ஒரு பேரிய இழை.
ரத்தம் குடித்துவிட்டால்
துணி எது, குடல் எது?
எக்ஸ்ரேயில் அந்த இழை மட்டும்
பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததுபோல்
வெள்ளையாய்த் தெரியும்.

படிவத்தில் ஒரு கேள்வி:
பொருள் உடலுக்குள் எவ்வளவு நேரம் தங்கும்?
எழுதும்போது என் அடிவயிற்றுத் தழும்பு அரித்தது.
பெரியாஸ்பத்திரி, ஒன்பது வருஷம் முன்னால்.
யார் மடித்த துணியோ.
"அறுவை முடியும்வரை" என்று எழுதி
முத்திரை வைத்தேன்.

ஆய்வாளர் மெகராஜ் பேகம் டீ வேண்டாமென்றார்.
பதினாலு நாள் கிருமிச் சோதனை,
வாயு அடுப்பின் வரைபடம்,
எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.
புரட்டக்கூட இல்லை.
"புகார் கோப்பு இருக்கா?"

இருந்தது. ஒரே ஒரு கடிதம்.
ஐந்து இருக்க வேண்டிய பொட்டலத்தில்
நாலுதான் இருந்திருக்கிறது.
பிரித்தபோது யாரும் எண்ணவில்லை.
வயிற்றை மூடும் முன் எண்ணினார்கள்:
நாலு.
மறுபடி எண்ணினார்கள்.
தட்டில், வாளியில், மேசைக்கடியில்,
மயங்கிக் கிடந்தவரின் கல்லீரலுக்குப் பின்னால்,
நாற்பது நிமிஷம் தேடியிருக்கிறார்கள்
கப்பலூரை விட்டே கிளம்பாத ஒரு துணியை.
எக்ஸ்ரேயில் இழை இல்லை.
இல்லை என்பதை நம்பவும் முடியவில்லை.

காரணம் என்ற கட்டத்தில்
மனிதத் தவறு என்று எழுதியிருந்தேன்.
பேனாவால் ஒரே கோடாக அடித்தார்.
"இது காரணம் இல்லம்மா.
மனுஷங்க தப்பு பண்ணுவாங்கன்னு
தெரிஞ்சும் நீங்க என்ன வச்சிருந்தீங்க?"

இருளாயி கட்டுக் கட்டிய நாள் அது.
பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது,
மகன் விழுந்துவிட்டான் என்று.
அவள் எண்ணிக்கொண்டிருந்தது மூன்றிலா நாலிலா
அவளுக்கே தெரியாது.
இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
நானும் சொல்லவில்லை.

தராசு வாங்கினோம்.
கட்டிய பொட்டலம் ஒவ்வொன்றும் ஏறி இறங்க வேண்டும்,
ஒரு துணி குறைந்தால் சிவப்பு விளக்கு.
அடித்த கோட்டுக்குக் கீழே
"எடை பார்க்கும் வழக்கம் இல்லை" என்று
திருத்தி எழுதினேன்.
ஐந்து மாதம் கழித்து,
புரட்டாசியில் மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை,
உரிமம் வந்தது.
அண்ணாச்சி கண்ணாடி போட்டு
மீனாட்சி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.
இரண்டாம் பக்கம் முழுக்க நிபந்தனைகள்.
அது சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

இருளாயியிடம் சொன்னேன்,
இனி எண்ண வேண்டாம், தராசு பார்த்துக்கொள்ளும்.
தலையாட்டினாள்.
பச்சை விளக்கு எரிந்த பிறகும்
பொட்டலத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி
நீல இழைகளை உதட்டால் எண்ணுகிறாள்.
போனை அலமாரியில் வைத்துப் பூட்டி
சாவியை என்னிடம் தந்திருக்கிறாள்.
அது அடித்தால் நான்தான் எடுக்கிறேன்.